பலிபீடமும் பதிவேடும்: திருமணம் குறித்து நம் திருச்சபை மரபுகள்

கிறிஸ்தவத் திருமணம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தர்மபுரி மாவட்டத்துக்குள்ளேயே அது பல முறைமைகளாக நடக்கிறது. கோவிலூரிலும் பி.பள்ளிப்பட்டியிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குக் கோயிலில் ஓலை வாசித்து, அருட்சாதனமாக மணம் முடிக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையின் குருசேகரங்களில் அது மெய்விவாக ஆராதனை. லுத்தரன் சபையாருக்குத் தனி ஒழுங்கு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தாலியே கட்டுவதில்லை. இத்தனை முறைமைகளும் ஒரே கர்த்தரின் பெயரில்தான் நடக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் கிறிஸ்தவம் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

இன்று நம் எல்லாச் சபைகளின் முன்பும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரின் திருமணத்தை அரசு தன் பதிவேட்டில் எழுதலாமா? எழுதினால் கிறிஸ்தவர் அதை ஆதரிக்கலாமா? எழுத வேண்டும், ஆதரிக்கவும் வேண்டும் என்பது என் நிலை. வேதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் முன்னோர் நடந்த பாதையிலேயே அங்கே வந்து சேரலாம் என்பதைக் காட்ட விரும்புகிறேன்.

அதிகாரம் என்றதும் நம் பிரசங்கங்களில் இரண்டு வேதப்பகுதிகள் வந்துவிடும். ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் ஆளுகையை மதிக்கச் சொல்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் 5-ஆம் அதிகாரத்தில் பேதுரு, மனிதர் கட்டளையைவிடத் தேவனுடைய கட்டளையே பெரிது என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொல்கிறார். சபை மரபுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ ஓரிடத்தில் நிற்கின்றன. எந்த இடத்தில் என்பதில்தான் வேறுபாடு.

கத்தோலிக்க மரபில் தொடங்கலாம். குருவானவர் முன்னிலையில் நடந்தால்தான் திருமணம் செல்லும் என்பது ஆதிமுதல் இருந்த விதி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் ஆணும் பெண்ணும் தங்கள் சம்மதத்தைச் சொல்லிவிட்டாலே மணம் ஆனதாக மேற்குத் திருச்சபை பல நூற்றாண்டுகள் கொண்டிருந்தது. கள்ளத் திருமணங்களைத் தடுக்க ஓலை வாசிக்க வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் பொது விதி செய்தது. பங்குக் குருவும் சாட்சிகளும் இல்லாமல் மணம் செல்லாது என்று 1563-இல் திரெந்து சங்கம் விதித்தது. உறவுமுறைத் தடையின் கதையும் இப்படியே. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவுவரை மணத்தைத் தடுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சுருக்கியது. அத்தை மகனும் மாமன் மகளும் மணப்பது இன்னும் தடைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் முறைப்பெண்ணை மணக்க விரும்பும் கத்தோலிக்கர் ஆயரிடம் விலக்கு வாங்கி மணப்பதை எல்லாரும் அறிவோம். அளவுகோல் மாறியிருக்கிறது, மக்களுக்காக வளைந்தும் கொடுத்திருக்கிறது.

அருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற போதனையைக் கத்தோலிக்கத் திருச்சபை மாற்றவில்லை. 2023 டிசம்பர் 18-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருவழிபாட்டுச் சடங்காக அல்லாமல் ஒருபால் இணையருக்கும் குருக்கள் ஆசி வழங்கலாம் என்றது. திருமணக் கோட்பாடு மாறவில்லை என்பதையும் கூடவே சொன்னது. அந்த அளவுக்கு மேல் அதில் எதையும் ஏற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் பலிபீடமும் பதிவேடும் வேறு வேறு என்பதைக் கத்தோலிக்கர் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் சட்டத்தின் முன் அது மணமுறிவு ஆகாது என்று 1996-இல் மாலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இலும் அதையே உறுதி செய்தது. ஆயர் மன்றத்தின் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்பவர், சட்டத்தின் கண்ணில் முதல் மணம் முறியாதவர். மறுபக்கம், அரசு நீதிமன்றம் தரும் விவாகரத்தைத் திருச்சபை ஏற்பதில்லை. அதற்காகக் குடும்பநல நீதிமன்றங்களை மூடச் சொல்லி எந்தப் பங்குப் பேரவையும் தீர்மானம் போட்டதில்லை. மணமுறிவில் இந்தப் பொறுமை நமக்கு இருக்கிறது. மணத்தில் மட்டும் ஏன் இல்லை?

லுத்தர் இன்னும் தெளிவாகப் பிரித்தார். திருமணத்தை அருட்சாதனங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, உலக ஆளுகையின் பொறுப்பில் வைத்தார். அது தேவன் ஏற்படுத்திய பரிசுத்த ஒழுங்கு என்பதை அவர் மறுக்கவில்லை. அதை ஒழுங்குபடுத்துவது அரசின் வேலை என்றார். அவர் வழிவந்தவர்கள் இன்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சுவீடன் திருச்சபை 2009-இல் ஒருபால் திருமணத்தை ஏற்றது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை உறுதியாக மறுக்கிறது. அந்த மிசௌரி சபையின் இந்தியப் பணி 1895-இல் தொடங்கியது கிருஷ்ணகிரியில். 2004-இல் பிரியும்வரை கிருஷ்ணகிரி நம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கிருந்து வளர்ந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையார் நம் சம்பந்திகள், அண்டை வீட்டார். அவர்கள் மறுப்பை வெறுப்பு என்று நான் எண்ணவில்லை. சபையின் பொறுப்பு வேறு, அரசின் பொறுப்பு வேறு என்று லுத்தர் பிரித்ததை அவர்கள் முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி லண்டன் மிஷன். இதில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியின் சீர்திருத்தச் சபைகளுக்கு இது தாய்வீடு. 1965 அக்டோபர் 2 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. சேலத்துக்கு 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் லண்டன் மிஷனரியாக வந்தார். அந்த மிஷனைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் சபையார். ஒவ்வொரு சபையும் கிறிஸ்துவின் கீழ்த் தன்னைத் தானே ஆள வேண்டும், அரசனோ பேராயரோ அதன்மேல் தலைமை கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கொள்கைக்காக அவர்கள் இழந்தவற்றுள் திருமணமும் ஒன்று. 1753-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய திருமணச் சட்டம், குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. காங்கிரிகேஷனல் சபையார், பாப்டிஸ்டுகள், கத்தோலிக்கர் எல்லாரும் தங்கள் மனச்சாட்சி ஒப்பாத பலிபீடத்தின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. நிற்க மறுத்தால் மனைவி சட்டப்படி மனைவி அல்ல, பிள்ளைகள் சட்டப்படி வாரிசு அல்ல. 1836-இல் வந்த புதிய சட்டம்தான் அவர்கள் ஆலயங்களைப் பதிவு செய்து அங்கே மணம் நடத்த வழிவிட்டது. மதச் சடங்கே இல்லாமல் பதிவாளர் முன் மணக்கும் வழியையும் திறந்தது. கிறிஸ்ப் சேலத்தில் வந்து இறங்கிய ஆண்டில் அவருடைய சபையார் தங்கள் சொந்த ஆலயத்தில் சட்டப்படி மணம் முடிக்க முடியாது. நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்கள், திருமணம் மறுக்கப்பட்டவர்கள்.

அவர்கள் வழிவந்த இங்கிலாந்துச் சபை 1972-இல் பிரஸ்பிட்டேரியன்களோடு இணைந்து ஐக்கிய சீர்திருத்தச் சபை ஆனது. அந்தச் சபை 2016 ஜூலையில் ஒரு முடிவெடுத்தது: விரும்பும் சபைகள் ஒருபால் திருமணம் நடத்தலாம், விரும்பாதவை நடத்த வேண்டாம். பழைய கொள்கையின் நேர்க்கோடு இது. இங்கே லண்டன் மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. தென்னிந்தியத் திருச்சபை ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை. பேராயர்களும் சினட்டும் அதை விவாதிக்கட்டும். ஆனால் அரசுப் பதிவேட்டைப் பிறருக்கு மூடிவைக்கச் சொல்லும் உரிமை, 1753-இன் காயத்தைச் சுமந்த மரபுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

இந்தியச் சட்டத்திலும் அந்தத் தழும்பு இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஆயர் கைவைத்து அபிஷேகம் பெற்ற குருவானவருக்கு மணம் நடத்த அரசு உரிமம் தேவையில்லை. ஆயர் அமைப்பு இல்லாத பெரும்பாலான சபைகளின் போதகர் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். பெந்தெகொஸ்தே போதகர்கள் பலருக்கு இது நன்றாகத் தெரியும். உரிமம் இல்லாதவர் நடத்தும் மணத்தைச் சட்டம் காப்பதில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சாராரும் இதே வழியில் நடந்தார்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அவற்றைச் செல்லுபடியாக்கியது, முன்பே நடந்தவற்றையும் சேர்த்து. கடவுளை மறுத்தவர்களின் மணத்தை அரசு ஏற்றதால் நம் மெய்விவாகத்தின் பரிசுத்தம் ஒரு துளியும் குறையவில்லை.

ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கேட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள், முடிவை நாடாளுமன்றத்துக்கு விட்டார்கள். வழக்காடியவர்கள் முதன்மையாகக் கேட்டது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் ஓர் இடம். அந்தச் சட்டத்தில் எந்த மதத்தின் சடங்கும் தேவையில்லை. எந்தப் போதகரையும் பலிபீடத்துக்கு இழுக்கும் கோரிக்கை அதில் இல்லை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு, அது நம் சபைகளுக்கு இன்னும் எட்டவில்லை: எதிர்பாலினத்தவரை மணக்கும் திருநருக்கு, நடப்பிலுள்ள தனிநபர் சட்டங்களின் கீழேயே மணக்கும் உரிமை உண்டு. கிறிஸ்தவத் திருநங்கை ஒருவர் ஓலை வாசிக்கச் சொல்லி வந்தால், சட்டத்தைக் காட்டிப் போதகர் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. தன் இறையியலைத்தான் காட்ட வேண்டும்.

திருமணத்தை ஊரும் சாதியும் தீர்மானிக்கட்டும் என்று விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தர்மபுரியைவிட வேறு சாட்சி வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் கொளுத்தப்பட்டன. மணந்த இளைஞர் அடுத்த ஆண்டு ஜூலையில் இரயில் பாதை அருகே பிணமாகக் கிடந்தார். வயதுவந்த இருவர் மணந்துகொள்ள ஊரின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் சொன்னபோது, அந்தச் சாம்பல் நம் நினைவில் இருந்தது. ரோமர் 13 சொல்லும் ஆளுகை கும்பலின் கையிலிருந்து இரண்டு பேரைக் காக்க வேண்டிய ஆளுகை என்பதை நான் நத்தத்தை வைத்தே வாசிக்கிறேன். அந்த இருவரும் ஆணும் பெண்ணுமாக இருந்தால் மட்டும் காக்கலாம் என்று அந்த அதிகாரத்தில் நான் எங்கும் காணவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பாதையில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். பேயோட்டும் ஜெபம் என்ற பெயரில் பிள்ளைகளை அடைத்துவைக்கும் வழக்கம் எந்தச் சபையில் இருந்தாலும், அதைச் சபை மூப்பர்களே நிறுத்த வேண்டும். ஒருபால் இணையர் தங்கள் உறவைப் பதிந்துகொள்ளக் குடும்பச் சேர்க்கைப் பத்திரம் ஒன்றை அரசு பரிசீலிக்கலாம் என்றும் அவர் 2023-இல் கூறினார். 2025 மே மாதம் நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் ஒரே வழி அல்ல என்று எழுதி, பெற்றோர் பிடியிலிருந்த ஒரு பெண்ணை அவள் விரும்பிய துணையோடு போகவிட்டார்கள்.

அந்தக் குடும்பச் சேர்க்கைப் பத்திரம் திருமணம் அன்று. மருத்துவமனையில் கையெழுத்துப் போட, வாடகை வீட்டில் சேர்ந்து இருக்க, காவல் நிலையத்தில் காட்ட ஒரு தாள், அவ்வளவுதான். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி தமிழக அரசுக்கு விண்ணப்பம் எழுத எந்தச் சபையும் தன் திருமணக் கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தர்மபுரிக் கத்தோலிக்க மறைமாவட்டமும், தென்னிந்தியத் திருச்சபையும், லுத்தரன் சபையும், உரிமத்துக்காக அலைந்த பெந்தெகொஸ்தே போதகர்களும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய விண்ணப்பம் அது. முதல் கையெழுத்தை லண்டன் மிஷன் வழிவந்த குருசேகரங்கள் போட வேண்டும்.