இராமநாதனின் ‘1915 கலவரமும் இராணுவச் சட்டமும்’: ஒரு மதிப்பீடு

சேர். பொன். இராமநாதனைக் கல்லூரிகளின் நிறுவுநராகவும் சைவப் பெரியாராகவும் போற்றுவோர் பலர். இராணுவ நீதிமன்றங்களுக்கு எதிராக அவர் எழுப்பிய குரலை நூல்வழி ஆராய்ந்தோர் சிலரே. 1916 இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘இலங்கையிற் கலவரங்களும் இராணுவச் சட்டமும், 1915’ என்னும் நூல் வெறும் அரசியற் கண்டனமன்று. முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல் ஒருவர் அரசின் மீது தொடுத்த வழக்குரையாகவே அது அமைந்துள்ளது.

நூலின் களம் கண்டியிலேயே தொடங்குகின்றது. கம்பளை வலஹாகொட தேவாலயப் பெரஹராவின் ஊர்வல உரிமை பற்றிய வழக்கில், கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815 கண்டி ஒப்பந்தத்தை ஆதாரமாகக் கொண்டு 1914 இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே 28 இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கைகலப்பு சில நாட்களிற் கொழும்புவரை பரவியது. யூன் 2 இல் மேல், சப்பிரகமுவ மாகாணங்களிற் பிரகடனஞ் செய்யப்பட்ட இராணுவச் சட்டம் பின்னர் வேறு மாகாணங்கள் சிலவற்றுக்கும் விரிந்து, ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. கலவரம் ஓய்ந்தது யூன் முற்பகுதியில். இராணுவ நீதிமன்றங்கள் ஓய்ந்ததோ பல வாரங்களின் பின்னர். இவ்விடைவெளியே இராமநாதனின் வாதத்திற்கு அடித்தளமாகின்றது.

இராணுவ நீதிமன்றம் என்ற அமைப்பையே அவர் மறுக்கின்றார் எனக் கொள்ளுதல் தவறு. கடற்படையை எடுத்துக்கொண்டால், நடுக்கடலிற் செல்லும் கப்பலுக்கு ஊர் நீதிபதி எட்டாதவர்; கட்டுப்பாடு குலைந்தாற் கப்பலே அழியும். எனவே அங்கு தனி நீதிமுறைக்கு நியாயம் உண்டு. அங்குங்கூட விசாரணை விசாரணையாகவே நடைபெற வேண்டும். ‘பவுண்டி’ கப்பற் கலகத்திற்காக 1792 இற் போட்ஸ்மத் துறைமுகத்திற் பதின்மரை விசாரித்த கடற்படை நீதிமன்றம் பல நாட்கள் சாட்சியங் கேட்டு, நால்வரை விடுவித்தது. தண்டனை பெற்ற அறுவரில் மூவரே தூக்கிலிடப்பட்டனர். 1915 இலோ, நாட்டின் நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருக்கையிற் படைசாராக் குடிமக்கள் படை அதிகாரிகள் முன் நிறுத்தப்பட்டனர். கப்பலுக்குரிய நியாயம் கடைத்தெருவுக்குப் பொருந்துமா? இவ்வினாவிற்கு அரசு தக்க விடையளிக்கவில்லை.

இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்பதற்குக் கண்டி வரலாற்றிலேயே ஓர் உரைகல் உண்டு. 1848 கிளர்ச்சியின்போது குடாபொல தேரர் கண்டியில் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டு, ஆகஸ்ட் 26 இற் காவியுடையுடன் சுட்டுக்கொல்லப்பட்டார். விசாரணையைக் கண்ட சட்டத்தரணிகள் அவர் குற்றமற்றவர் எனக் கருதினர். அரசியின் சட்டத்துரைஞர் செல்பி தலையிட்டும் ஆளுநர் டொரிங்டன் பிரபு இணங்கவில்லை. ஆனால், அரசனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவோ பின்னர் அகப்பட்டமையால் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைக்கப்பட்டது. தலைவன் உயிர் பிழைக்க, அவனோடு தொடர்பு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் உயிரிழந்தார். இவ்வேறுபாட்டை விளைவித்தது குற்றத்தின் தன்மையன்று, மன்றத்தின் தன்மையே. இராமநாதனின் கோட்பாட்டிற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

எனினும், நூலின் குறையும் சிறிதன்று. கலவரத்திற் சூறையாடப்பட்டவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். நான்காயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன. சிங்களக் குற்றவாளிகள் எனப்பட்டோருக்கு உரத்து ஒலித்த இராமநாதனின் குரல், கரையோரச் சோனகரின் செயலையே கலவரத்தின் தோற்றுவாயாகக் காட்டும்போது, கடை இழந்தவனின் துயரைப் பின்தள்ளிவிடுகின்றது. இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே என 1888 இல் வாதிட்டவரிடமிருந்து இத்தகைய பாராமுகம் வெளிப்பட்டமை, முஸ்லிம் மக்களின் மனத்தில் ஆறா வடுவாயிற்று. வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக வாதிடுவது இயல்பே. ஆனால் மக்கட் பிரதிநிதிக்கு ஒரு கட்சி மட்டும் இருத்தலாகாது.

இவ்விரு பக்கங்களையும் இணைத்து நோக்கும்போதே நூலின் நிலையான பயன் புலப்படும். இராணுவ நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டவனுக்கும் நீதி வழங்கவில்லை. விரைந்து தண்டிக்கப்பட்ட வழக்கில் உண்மை முழுமையாக வெளிவருவதில்லை. இழப்பீடோ குற்றவாளியை இனங்காணாது ஊர்ச் சிங்களவர் மீது பொதுவாகச் சுமத்தப்பட்டது; அதனாற் பகைமை வளர்ந்ததேயன்றிப் பொறுப்பு நிறுவப்படவில்லை. இராமநாதன் தம் கோட்பாட்டை முஸ்லிம் வணிகனின் வாசல்வரை கொண்டுசென்றிருப்பின், அவரது நூல் ஓரினத்திற்கான வழக்குரையாகாமல் இந்நாட்டு மக்கள் அனைவருக்குமான நீதிநூலாக உயர்ந்திருக்கும்.