ஒளியியற் கலைச்சொற்கள்: ஒரு திறனாய்வு

அறிவியலைத் தமிழிற் சொல்லுதற்குரிய சொற்களை ஆக்கும் முயற்சி நெடுநாளையது. சேலத்தில் 1916ஆம் ஆண்டிற் கலைச்சொல்லாக்கத்திற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938ஆம் ஆண்டில் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. பின்னர்த் தமிழகத்திலும் இலங்கையிலும் அரசு சார்ந்த குழுக்கள் இப்பணியை ஏற்று நடத்தின. இவற்றையொட்டி எழுந்த வழக்குகள் பெரிதும் சொல்லின் பிறப்பைப் பற்றியனவாகவே இருந்தன. வடசொல் வேண்டுமா, தென்சொல்லே போதுமா, பிறமொழி ஒலிகளை எவ்வாறு எழுதுவது என்பனவே வினாக்களாயின. சொல் தான் சுட்டும் பொருளின் செயலோடு ஒத்துச் செல்கின்றதா என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. அவ்வினாவை ஆடி, வில்லை, ஒளிக்கருவி ஆகியவற்றைப் பற்றிய சொற்கள்மேல் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. ஒளியின் செயல் கண்ணாற் காணத்தக்கது, கருவியால் அளக்கத்தக்கது. ஆகலின் சொல்லின் குணமும் குற்றமும் எளிதிற் புலனாகும். மேலும், தமிழகத்தாரும் இலங்கையாரும் இத்துறைச் சொற்களைத் தனித்தனியே வகுத்துக்கொண்டமையால் ஒப்புநோக்குதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

1. விலகலும் முறிவும்

காற்றினின்று நீருள் ஒளி சாய்ந்து புகுங்கால் அதன் செல்நெறி திரும்புகிறது. இதனைத் தமிழகப் பாடநூல்கள் ‘ஒளிவிலகல்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘ஒளிமுறிவு’ என்றும் வழங்குகின்றன. ஐரோப்பிய மொழிகளில் இந்நிகழ்ச்சிக்குரிய சொல் ‘உடைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. முறிவு அதன் நேர் பெயர்ப்பு. பாதி நீரில் அமிழ்ந்த கோல் முறிந்தாற்போலத் தோன்றுதலின் அச்சொல் காட்சிக்கும் இயைந்ததே. விலகல் என்பதோ நேர்நெறியினின்று நீங்குதலைச் சுட்டுகிறது. கோடையிற் கானல் தோன்றுமிடத்து, வெப்பம் படிப்படியாக வேறுபடும் காற்றடுக்குகளூடே ஒளி வளைந்து செல்கிறது. அங்கே முறியும் இடமென ஒன்றில்லை. அவ்விடத்து முறிவினும் விலகலே பொருந்தும்.

எனினும் இடர் வேறோரிடத்தில் உள்ளது. முப்பட்டகத்திற் புகுந்த ஒளி இரு முகங்களிலும் திரும்பி வெளிப்படுகிறது. புகுந்த திசைக்கும் வெளிப்பட்ட திசைக்கும் இடையேயுள்ள முழு மாற்றத்தையே இலங்கையார் ‘விலகல்’ என்பர். தமிழகத்தார் ‘திசைமாற்றம்’ என்பர். தமிழக நூல்களில் ‘விலகுகோணம்’ என்பது ஒரு முகத்தில் திரும்பிய கதிர் செங்குத்தோடு அமைக்கும் கோணம். 60 பாகைக் கோணமும் 1.5 என்னும் ஒளிவிலகல் எண்ணும் உடைய கண்ணாடி முப்பட்டகத்தைக் கொள்வோம். திசைமாற்றம் மிகக் குறைந்த நிலையில் முதல் முகத்தின் விலகுகோணம் 30 பாகை. முழுத் திசைமாற்றமோ ஏறத்தாழ 37 பாகை. யாழ்ப்பாணத்து மாணவன் சென்னை நூலைப் படிப்பின் ஒரே சொல்லடிக்கு இருவேறு எண்களைப் பெறுகின்றான். இது வழக்கு வேறுபாடு என்று அமைதற்குரியதன்று; கணக்கையே பிழைபடுத்துவது.

இனி, இவ்விரு சொற்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் புறத்தோற்றத்தை மட்டுமே பெயரிடுகின்றன. கோணங்களுக்கிடையேயுள்ள விதியை 1621ஆம் ஆண்டளவில் சினெல் கண்டார். 1637இல் தெக்கார்த்து அதனை அச்சில் வெளியிட்டார். காரணத்தைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடித்தது. ஒளி நீருள் விரைவு மிகும் என்பது நியூட்டன் கொள்கையின் முடிபு. விரைவு குறையும் என்பது 1690இல் வெளிவந்த ஐகன்சு நூலின் முடிபு. 1850இல் பூக்கோ ஆய்வு செய்து, நீருள் ஒளி மெல்லச் செல்லுதலை நிறுவினார். ஆகவே நீரின் எண்ணாகிய 1.33 என்பது இரு வேகங்களின் தகவேயாகும். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீருள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டரே செல்கிறது.

செங்குத்தாகப் புகும் ஒளி சிறிதும் திரும்புவதில்லை. ‘அங்கே ஒளிவிலகல் உண்டா’ என வினவின், சொல்லை நம்பிய மாணவன் இல்லை என்பான்; அங்கே ஒன்றும் நிகழவில்லை என்றும் எண்ணிக்கொள்வான். ஆயின் அவ்வொளியும் வேகம் குறைகின்றது, அதன் அலைநீளமும் சுருங்குகின்றது. வில்லையின் நடுவே நேராகச் செல்லும் கதிரை நோக்குக. அது திரும்பாது, ஆனால் வில்லையின் தடிப்பு மிக்க பகுதியைக் கடத்தலின் மிகவும் பிந்துகிறது. விளிம்பைக் கடக்கும் ஒளி அத்துணைப் பிந்துவதில்லை. இவ்வேறுபாட்டால் அலைமுகம் வளைந்து ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்குகிறது. எனவே ‘விலகாத’ கதிரின் தாழ்ப்பும் வில்லையின் தொழிலுக்கு இன்றியமையாததே. இதனை ‘ஒளிவிலகல் எண்’ என்னும் தொடர் மறைத்துவிடுகிறது.

எமது துணிபு இது: முழுத் திசைமாற்றத்திற்கு விலகல் என்பதை விடுத்து, முகத்தில் நிகழ்வதற்கு முறிவு என்பதை இரு நாட்டாரும் கொள்ளின் மயக்கம் தீரும். கானலில் அச்சொல் சற்றே வழுவினும், இரு பொருளுக்கு இரு சொல் அமைதலே பெரும்பயன். எண்ணைக் குறிக்க ‘ஒளிவேகத் தகவு’ போன்றதொரு தொடர் ஏற்புடைத்து.

2. குவி என்னும் அடி

புறத்தே புடைத்த ஆடியைக் ‘குவியாடி’ என்றும், உட்குழிந்த ஆடியைக் ‘குழியாடி’ என்றும் வழங்குகிறோம். ஒளிக்கதிர்களை ஓரிடத்துச் சேர்த்தலும் ‘குவித்தல்’ எனப்படுகிறது, சேருமிடம் ‘குவியம்’. குவிதல் என்பது தமிழில் மேடுபடுதலையும் ஒருங்கு கூடுதலையும் குறிக்கும் வினை. நெல் குவிந்தது என்புழி உருவமும் செயலும் ஒருங்கே அமைந்துள்ளன. வாழ்வில் வளமாகிய இவ்விருபொருள் ஒளியியலில் இடராகிறது.

என்னை? குவியாடி ஒளியைக் குவிப்பதில்லை, விரிக்கிறது. ஊர்திகளின் புறத்தே பொருத்தப்படும் ஆடி இவ்வகையினது. பின்வரும் சாலையின் அகன்ற பரப்பைச் சிற்றுருவாகக் காட்டுகிறது. ஒளியைக் குவிப்பது குழியாடியே. வில்லையிலோ இது தலைகீழாகிறது: காற்றிலுள்ள குவிவில்லை குவிக்கிறது, குழிவில்லை விரிக்கிறது. இவ்வாறு ஒரே அடைமொழி ஆடியிற் பொய்யாகவும் வில்லையில் மெய்யாகவும் அமைகின்றது. வில்லையிலும் அது முற்றிலும் மெய்யன்று. நீருள் எழும் காற்றுக்குமிழி எப்புறமும் புடைத்த உருவினதே. ஆயினும் தன்னூடு செல்லும் ஒளியை விரிக்கிறது. செயலை முடிவு செய்வது உருவம் மட்டுமன்று. உள்ளும் புறமும் உள்ள பொருள்களின் வேகத் தகவும் ஆகும்.

குவி, குழி என்பன ஓரெழுத்தால் மட்டும் வேறுபடுதலின் வகுப்பறையிற் செவிக்கும் மயக்கம் தருவன. ஆகலின் உருவத்திற்குப் புடைப்பு, குழிவு என்பனவும், செயலுக்குக் குவித்தல், விரித்தல் என்பனவும் தனித்தனியே நிற்றல் வேண்டும். ‘புடையாடி ஒளியை விரிக்கும்’ என்பதில் முரண் இல்லை. ‘குவியாடி ஒளியை விரிக்கும்’ என்பதோ சொல்லொடு பொருள் பொருதும் தொடர்.

3. மாயபிம்பம்

சமதள ஆடியின் பின்னே தோன்றும் உரு ‘மாயபிம்பம்’ எனப்படுகிறது. உரு தோன்றுமிடத்து ஒரு தாளை வைப்பின் அதன்மேல் ஒன்றும் படியாது. ஒளி அங்கே செல்லவில்லை. இவ்வளவே அப்பெயருக்குக் காரணம். சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருளே. ஆயினும் பொதுவழக்கில் மாயம் என்பது பொய்த்தோற்றம். ஆகவே கண் ஏமாறுகிறது என்னும் கருத்து மாணவனுள்ளத்திற் பதிகின்றது.

ஒளிப்படக் கருவி ஏமாறுமா? ஆடியின் முன் 2 மீட்டர் தொலைவில் நிற்பவர் அதிலுள்ள தம் உருவைப் படமெடுக்க விரும்பின், கருவியை 4 மீட்டருக்கு அமைத்தல் வேண்டும். ஆடியின் சட்டத்திற்கு இயைய 2 மீட்டருக்கு அமைப்பின் உருவம் தெளியாது. ஆடிக்குப் பின்னுள்ள ஒரு புள்ளியினின்று விரிவது போன்றே கதிர்கள் உண்மையில் வருகின்றன. அவ்விரிவு அளக்கத்தக்க மெய்ந்நிகழ்ச்சி. நுண்ணோக்கியிற் கண்வைத்துப் பார்ப்போர் காண்பதும் பொதுவாக இவ்வகை உருவே. அதனைக் கண்ணின் வில்லை விழித்திரையில் மெய்யுருவாகப் படியச் செய்கிறது. விழித்திரையில் உரு தலைகீழாகப் படிதலைக் கெப்ளர் 1604இல் விளக்கினார். நுண்ணோக்கியில் தோன்றும் உரு மாயமாயின் அதனாற் கண்ட நுண்ணுயிரும் மாயமாதல் வேண்டும்.

பழந்தமிழ் வழக்கு இங்கு எண்ணத்தக்கது. குறுந்தொகை 8ஆம் பாடலில் ‘ஆடிப்பாவை’ என்னும் ஆட்சி உண்டு. கண்மணியில் தோன்றும் சிற்றுருவும் பாவையே. அறிவியல் நோக்கில் அக்கண்பாவை, விழியின் புடைத்த முன்பரப்பு ஆடியெனச் செயற்படுதலால் தோன்றும் நேரான சிற்றுரு. ஆடியிலும் கண்ணிலும் தோன்றும் ஒரே வகை உருக்களை முன்னோர் ஒரே சொல்லாற் சுட்டினர், பொய்யென்று பழிக்கவில்லை. ‘நிழல்’ என்பதும் பண்டு ஆடியுருவைக் குறித்ததாயினும், ஒளிமறைவையும் அதுவே குறித்தலின் இங்கு உதவாது. கதிர்கள் கூடுமிடத்து அமைவதைக் ‘கூடற்பாவை’ என்றும், அவ்வாறு கூடாமல் விரிந்துவரும் கதிர்களாற் காணப்படுவதை ‘ஆடிப்பாவை’ என்றும் கொள்ளல் ஆகுமா என அறிஞர் ஆராய்க.

4. நோக்கியும் காட்டியும்

தமிழகத்தாரின் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் இலங்கையில் முறையே தொலைகாட்டியும் நுணுக்குக்காட்டியும் ஆகும். இவ்வேறுபாடு பார்வையைப் பற்றிய பழைய பூசலை நினைவூட்டுகிறது. கண்ணினின்று கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என யூக்ளிடும் தாலமியும் கருதினர். பொருளினின்றே ஒளி கண்ணுக்கு வருகிறது என்பதை இபுனு அல்-கைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கிதாபு அல்-மனாசிர்’ என்னும் நூலில் நிறுவினார். அம்முடிபுக்குக் ‘காட்டி’ என்பது அணுக்கமாகத் தோன்றும்.

எனினும் ‘நோக்கி’யைக் குறைகூறுதல் பொருந்தாது. இகர விகுதி வினைமுதலை மட்டுமன்றிக் கருவியையும் உணர்த்தும். மண்வெட்டி என்பதுபோல நோக்குதற்குக் கருவி நோக்கி. ‘தொலைகாட்டி’யோ தமிழகத்தில் ‘தொலைக்காட்சி’யொடு மயங்கும். அன்றியும், இரு சொல்லும் கருவியின் தலையாய தொழிலைக் கூறவில்லை. கலிலியோ 1609இல் தம் கண்ணைக் கருவியில் வைத்துப் பார்த்தார். காவலூரில் 1986இல் வைணு பாப்பு பெயர் பெற்ற தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. இருளில் விரிந்த கண்மணித் துளையை 7 மில்லிமீட்டர் எனக் கொள்ளின், அவ்வாடி ஏற்கும் ஒளி கண் ஏற்பதினும் ஓரிலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. அவ்வொளியை ஏற்றுப் பதிவன கண்களல்ல, உணர்கருவிகள். இங்கே நோக்குதலும் காட்டுதலும் பிற்பட்டு, ஒளி திரட்டுதலே முற்பட்டு நிற்கிறது. வழக்கில் வேரூன்றிய சொல்லை இதன்பொருட்டு மாற்றவேண்டா. ஆசிரியர் விளக்கிக் கூறுதலே அமையும்.

5. முடிபு

மேற்கண்ட நான்கும் ஒரே தன்மையின அல்ல. நோக்கி என்பது குறையுடைத்தாயினும் தீங்கு செய்வதன்று, அது நிற்கலாம். மாயபிம்பம் கருத்தைத் திரிப்பது, மாற்றத்தக்கது. குவியாடி தன் செயலுக்கே மாறானது. விலகல் இரு நாட்டாரிடை எண்ணையே மாற்றுவது. இவ்விரண்டும் காலந்தாழ்த்தாது திருத்தத்தக்கன. சொல்லின் பிறப்பை மட்டும் ஆராயும் திறனாய்வுக்கு இவ்வேறுபாடுகள் புலப்படா. குவி, விலகு என்பன தூய தமிழடிகளே. குற்றம் பிறப்பிலன்று, பொருத்தத்தில் உளது. கலைச்சொற் குழுக்களில் தமிழறிஞரும் இயற்பியலாரும் ஒருங்கிருந்து, ஒவ்வொரு சொல்லையும் அது பெயரிடும் நிகழ்ச்சியின் முன் நிறுத்தி ஆராய்தல் வேண்டும். தாய்மொழியில் அறிவியல் பயிலும் மாணவனுக்குச் சொல்லே முதல் ஆசிரியன். அவ்வாசிரியன் பிழைபடக் கற்பிப்பின் பின்வரும் ஆசிரியர் உழைப்பின் பெரும்பகுதி அப்பிழையை நீக்குதற்கே செலவாகும்.