பெட்டிக்குள் தூங்கும் பாட்டுகள்

தமிழ் சினிமாவில் படம் பெட்டிக்குள் தூங்கும், பாட்டு மட்டும் ஊரைச் சுற்றும். ‘மணிப்பூர் மாமியார்’ ரிலீஸே ஆகாத படம். ஆனா அதில் மலேசியா வாசுதேவனும் எஸ்.பி. சைலஜாவும் பாடிய ‘சமையல் பாடமே’ இளையராஜா ரசிகர்கள் பலருக்கு இன்னிக்கும் மனப்பாடம். காரணம் எளிது. நம்ம ஊரில் பாட்டைத்தான் முதலில் பதிவு செய்வாங்க. இசைத்தட்டு கடைக்கு வந்து, ரேடியோவில் ஓடி, அதுக்கப்புறம்தான் படம். நடுவில் தயாரிப்பாளருக்குக் காசு தீர்ந்தால் படம் நிற்கும். தட்டு நிற்காது.

அமெரிக்க சோல் இசையில் நிலைமை நேர் எதிர். தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து கறுப்பின மக்களிடம் வளர்ந்த இசை அது. அங்கே ஆல்பம்தான் சரக்கு. கம்பெனி வேண்டாம்னு சொல்லிட்டா பாட்டுக்கு வேற வாசல் கிடையாது. அப்படி முடங்கிப்போய் பல வருஷம் கழித்து வந்தவற்றைக் கொஞ்ச காலமா தேடிக் கேட்டுட்டு இருக்கேன். கேட்டதில் எனக்குத் தெளிவானது ஒண்ணு: ‘வெளிவராதது’ என்பது ஒரே வகை இல்லை. யார் நிறுத்தினாங்க என்பதைப் பொறுத்து, கேட்பதற்கு நமக்கு இருக்கிற உரிமையும் மாறுது.

முதலில் பெட்டி லவெட் (பேரிலேயே பெட்டி!). 1962ல், 16 வயதில் முதல் ஹிட் கொடுத்தவர். 1972ல் அட்லாண்டிக் கம்பெனிக்காக அலபாமாவின் மசில் ஷோல்ஸில் ஒரு முழு ஆல்பம் பாடி முடித்தார். கம்பெனி அதைக் கிடப்பில் போட்டது. 1978ல் நியூஜெர்சியில் அட்லாண்டிக்கின் கிடங்கு எரிந்தபோது அந்த டேப்பும் போச்சுன்னு நினைச்சாங்க. கடைசியில் ஜில் பெத்தார் என்ற பிரெஞ்சு சேகரிப்பாளர் தேடி எடுத்து, 2000ல் ‘சூவெனிர்ஸ்’ என்ற பேரில் வெளியிட்டார். 28 வருஷம்! கேட்டுப் பாருங்க. கரகரத்த குரல், அலங்காரமே இல்லாமல், எதிரில் உட்கார்ந்து வழக்கு பேசுற மாதிரி பாடுவார். இதை ஒதுக்கிய காதுகளை என்ன சொல்றது? இங்கே வெளியீடு என்பது பாடியவருக்குத் தர வேண்டிய பாக்கியைத் திருப்பித் தருவது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது மார்வின் கே. 1972ல் ‘யூ ஆர் தி மேன்’ என்ற அரசியல் பாட்டு தனியா வெளியாகி எதிர்பார்த்த அளவு ஓடலை. ஆல்பம் அப்படியே நின்னுபோச்சு. அவர் அடுத்த வேலைக்குப் போயிட்டார். 2019ல் மோட்டவுன் அதே பேரில் ஒரு ஆல்பத்தைக் கொண்டு வந்தது. பாட்டுகள் அருமை. ஆனா அந்த வரிசை அவர் அடுக்கியது இல்லை. அங்கங்கே கிடந்த பதிவுகளைச் சேர்த்திருக்காங்க, சிலதை இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி மறுபடி மிக்ஸ் பண்ணியிருக்காங்க. சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னா, எழுதியவர் ரிலீஸ் பண்ணாத கோடை அடுத்தவங்க தொகுத்து, அவர் பேரிலேயே வெர்ஷன் நம்பர் போட்டது. ‘காணாமல் போன ஆல்பம்’னு இதைக் கூப்பிடக் கூடாது. நல்ல தொகுப்பு, அவ்வளவுதான்.

மூணாவதுதான் சிக்கல். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் அரிதா பிராங்க்ளின் இரண்டு ராத்திரி பாடினார். ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பம் அதே வருஷம் வந்துவிட்டது. அதைப் படம் பிடித்த சிட்னி பொல்லாக் கிளாப் அடிக்காமலே எடுத்ததால், படத்தையும் ஒலியையும் அப்போது ஒட்ட முடியலை. பிற்காலத்தில் டிஜிட்டலில் ஒட்டினாங்க. ஆனா 2015ல் அரிதாவே கோர்ட்டுக்குப் போய்த் திரையிடலைத் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். நவம்பரில் படம் வெளியே வந்துவிட்டது. அப்பா சி.எல். பிராங்க்ளின் எழுந்து வந்து, பாடிக்கொண்டிருக்கிற மகளின் முகத்து வியர்வையைத் துடைக்கிற இடம் எந்தத் தட்டிலும் கிடைக்காதது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் வந்தது. ஆனாலும் வேண்டாம்னு சொன்னவர் வாய் மூடி மூணே மாசம். அந்த நெருடல் எனக்குப் போகலை.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். 1993ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ஜான் ஸ்காட் நடத்த, இளையராஜாவின் சிம்பொனி பதிவானது. அது இன்னும் வெளிவரலை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, அதில் எதையும் நான் எடுக்கலை. கண்ணுக்குத் தெரிகிற ஒண்ணை மட்டும் வைக்கிறேன். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’ சிம்பொனிக்கு அவர் கொடுத்த எண் 1. அப்போ 1993ல் பதிவானது அவர் கணக்கில் இல்லைன்னுதான் நான் படிக்கிறேன். அதே சமயம், கேட்காத அந்த இசையை ‘உலகின் தலைசிறந்தது’னு எழுதுகிற ரசிகர்கள், கேட்கக் கிடைக்கிற ‘ஹவ் டு நேம் இட்’ பற்றி நாலு வரி உருப்படியா எழுதுவதில்லை. கேட்காததைப் புகழ்வது ரொம்ப சுலபம். அதை யாரும் மறுத்துப் பேச முடியாதே.

“பாரதி?” என்று கேட்பீங்க. நியாயம்தான். இதே புதுச்சேரியில் வாழ்ந்தபோது அவர் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை 1912ல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது. அது வராமலே போயிருந்தால்? ஆனா பாரதி தன் எழுத்தைத் தடுத்தவர் இல்லை, அச்சுக்குத் தவித்தவர். லவெட் கட்சி.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. காகிதம் காத்திருந்தது. காந்த நாடா அவ்வளவு காலம் காத்திருக்காது. அதன் மேல் காந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கிற பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். 1970, 80களின் டேப்புகள் பலவற்றுக்கு இந்த நோய் உண்டு. இதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி, அந்தக் கொஞ்ச நாள் அவகாசத்துக்குள் பிரதி எடுத்துடணும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம்.

அதனால் என் கோரிக்கை ‘வெளியிடு’ இல்லை, ‘காப்பாத்து’. இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகளுக்கு ஒரு கூரை இருக்கு. பழைய ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தயாரிப்பாளர் வீட்டு அலமாரிகளிலும் கிடக்கிற டேப்புகளுக்கும் அப்படி ஒண்ணு வேணும். பிரதி எடுத்து வைப்பதற்கு யார் மனசும் புண்படாது. யார் எப்போ கேட்கலாம் என்பதை, உயிரோடு இருக்கும்போதே, பாடியவரும் இசையமைத்தவரும் எழுதி வைக்கட்டும். “வேண்டாம்”னு எழுதினால் அதையும் மதிப்போம்.