கொடியின் நிறமும் தோலின் நிறமும்

“பொம்பளைய விரும்புற பொம்பளைக்கு லெஸ்பியன்னு ஒரு பேரு இருக்குல்ல, அது பத்தாதா? அதுக்குள்ளயும் இத்தன பேரு, பேருக்கு ஒரு கொடி, எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் முற்போக்கு பேசுகிறவர்களும் உண்டு. கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அமெரிக்காவிலே பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

பட்டியல் நீளமானதுதான். ஆண் உடுப்பிலும் நடையிலும் தன்னை வைத்துக்கொள்கிறவள் புட்ச். பெண் அலங்காரத்தோடே பெண்ணை விரும்புகிறவள் ஃபெம். தான் தொடுவாள், தன்னைத் தொட விடமாட்டாள் என்றால் ஸ்டோன் புட்ச். கறுப்பினப் பெண்களிடம் புட்சுக்கு ஸ்டட் என்று பேர். ஸ்டட்டுக்கும் ஃபெம்முக்கும் நடுவில் நிற்பவள் ஸ்டெம். உதட்டுச் சாயமும் ஒப்பனையுமாக இருப்பவள் லிப்ஸ்டிக் லெஸ்பியன். அவ்வளவு ஒப்பனை வேண்டாதவள் சாப்ஸ்டிக் லெஸ்பியன். ஆணோடு ஒருநாளும் படுக்காதவள் கோல்ட் ஸ்டார். இப்படிப்பட்ட பேர்களுக்கெல்லாம் இணையத்தில் கோடு கோடாகக் கொடிகள் வந்துவிட்டன.

அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. யார் வைத்த பேர், யாரைக் கூப்பிட வைத்த பேர், அதைச் சுமந்து நடந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்கள். அதே கேள்வியை இந்தக் கொடிகளிடமும் கேட்க விரும்புகிறேன். எல்லாக் கொடியும் ஒன்றல்ல. சில கொடி கதவைத் திறந்துவிடுகிறது. சில கொடி உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடுகிறது.

முதலில் சொற்கள். புட்ச், ஃபெம் என்பவை கணினித் திரையில் பிறந்தவை இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, எஃகு ஆலைகளும் கார் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். 1930களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அந்த ஊரில் வாழ்ந்த லெஸ்பியன் பெண்களின் வாய்மொழியைத் திரட்டி எலிசபெத் லபோவ்ஸ்கி கென்னடியும் மேட்லின் டேவிஸும் 1993இல் ஒரு வரலாற்று நூல் கொண்டுவந்தார்கள். அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள். வாரம் பூராவும் வேலை, சனிக்கிழமை ராத்திரி மதுக்கடை. புட்ச் என்று பார்த்ததுமே தெரிகிற மாதிரி உடுத்திக்கொண்டு தெருவில் நடந்தால் அடி விழும், வேலை போகும், போலீஸ் பிடிக்கும். தெரிந்தேதான் உடுத்தினார்கள். அந்த ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த லெஸ்லி ஃபைன்பெர்க் 1993இல் எழுதிய ‘ஸ்டோன் புட்ச் ப்ளூஸ்’ நாவலிலும் இந்த அடியும் வலியும்தான் இருக்கிறது. தன்னைத் தொட விடாத பெண்ணின் அந்த இறுக்கத்துக்குப் பின்னால் போலீஸ் லாக்கப் இருக்கிறது என்று அந்த நாவல் காட்டுகிறது. இன்றைக்கு ஸ்டோன் புட்ச் கொடியை இணையத்தில் பார்க்கிற இளம்பெண்ணுக்கு அதிலுள்ள கோடுகள் லாக்கப்பைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

ஜோன் நெஸ்லேயின் எழுத்தில் ஒரு காட்சி வரும். நியூயார்க்கின் ‘ஸீ காலனி’ மதுக்கடையில் கழிப்பறைக்கு வரிசை. ஒரு சமயத்தில் ஒருத்திதான் உள்ளே போகலாம். இரண்டு பேர் போனால் என்ன செய்வார்களோ என்று கடைக்காரனுக்குப் பயம். வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்திக்கும் கையில் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி அளந்து கொடுக்க ஒரு பெண்ணையே நிறுத்தியிருந்தார்கள். ஒண்ணுக்கு இருக்கப் போவதற்கும் அளவு! கணக்கெழுதும் வேலை பார்த்துப் பிள்ளை வளர்த்த விதவையின் மகள் நெஸ்லே. 1970களில் படித்த பெண்ணியவாதிகள் புட்ச்-ஃபெம் ஜோடிகளைப் பார்த்து, இது ஆண்-பெண் உறவின் நகல், பிற்போக்கு என்று ஒதுக்கியபோது, நாங்கள் யாரையும் நகல் எடுக்கவில்லை என்று எதிர்த்து நின்றவர் அவர். 1974இல் லெஸ்பியன் பெண்களின் கடிதம், டைரி, துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் ஆவணக் காப்பகத்தை நியூயார்க்கில் தோழிகளோடு தொடங்கியவரும் அவர்தான்.

இதோடு நிறுத்தினால் கதை பாதிதான். அந்த மதுக்கடைக்கு உள்ளே போக முடிந்தவர்கள் யார்? ஆட்ரி லார்ட் தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஸாமி’ 1982இல் வந்தது. 1950களில் கிரீன்விச் வில்லேஜில் ‘பேகடெல்’ என்கிற கடையின் வாசலில் வயதுக்கு அத்தாட்சி கேட்டு அவரைத்தான் நிறுத்துவார்களாம். கூட வந்த வெள்ளைத் தோழிகள் அவரைவிட இளையவர்கள். அவர்களைக் கேட்பதில்லை. உள்ளே போனாலும் புட்ச், ஃபெம் என்ற இரண்டு பேரிலும் கறுப்புப் பெண்ணுக்கு இடம் சரியாக அமையவில்லை, அழகுக்கு வெள்ளைத் தோல்தான் அளவுகோல் என்கிறார். பஃபலோவிலும் கறுப்புப் பெண்கள் பெரும்பாலும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித்தான் ஆடினார்கள், பாடினார்கள். கடை வாசலில் அவமானப்படுவதைவிட வீடு மேல். ஸ்டட் என்ற சொல் அப்படிப்பட்ட கறுப்பு வாழ்க்கைக்குள் வளர்ந்த சொல். வெள்ளைப் பெண் ஒருத்தி அதைத் தனக்குச் சூட்டிக்கொள்ளும்போது கறுப்புப் பெண்கள் கோபப்படுகிறார்கள். “பேருதானே, யார் வச்சுக்கிட்டா என்ன?” என்று கேட்கிறவர்கள் அந்த வாசலில் நிறுத்தப்படாதவர்கள்.

கறுப்புப் பெண்கள் பேரை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்றும் பார்க்கவேண்டும். 1863இல் ஹாரியட் டப்மன் வழிகாட்ட, கொம்பாஹி ஆற்றங்கரையில் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் மீட்கப்பட்டார்கள். அந்த ஆற்றின் பேரை வைத்துக்கொண்டு பாஸ்டனில் 1974இல் கூடியது ஒரு கறுப்புப் பெண்ணியக் குழு. அதில் பலர் லெஸ்பியன்கள். அவர்கள் 1977இல் வெளியிட்ட அறிக்கையில்தான் ‘அடையாள அரசியல்’ என்ற சொல்லே அரசியல் பேச்சுக்குள் வருகிறது. அதே அறிக்கை, லெஸ்பியன்கள் மட்டும் தனியே பிரிந்துபோகும் அரசியலை ஏற்கவில்லை. தன் பேரைச் சொல்வது, அடுத்தவர்களோடு சேர்ந்து நிற்பதற்கான தொடக்கம் அவர்களுக்கு. இன்று அடையாள அரசியல் என்றாலே பிரிவினை என்று வைகிறவர்கள் இதை மறைத்துவிட்டே பேசுகிறார்கள்.

இனிக் கொடிகளுக்கு வருவோம். 1978 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் கையால் சாயம் தோய்த்து ஏற்றிய வானவில் கொடிக்கு எட்டு நிறம். அதில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, காமத்துக்கானது. மொத்தமாகத் தயாரிக்கப் போனபோது அந்த நிறத் துணி கிடைக்கவில்லை என்று அதைத்தான் முதலில் எடுத்தார்கள். 1979க்குள் ஆறு நிறமாகிவிட்டது. எது நிற்கும், எது போகும் என்று சந்தையும் சொல்கிறது.

லெஸ்பியன்களுக்கென்று தனியாக 1999இல் ஒரு கொடியை வரைந்தவர் ஷான் கேம்ப்பெல், ஒரு ஆண். ஊதாப் பின்னணி, தலைகீழான கறுப்பு முக்கோணம், அதன்மேல் இரட்டை முகக் கோடாரி. கோடாரி 1970களிலேயே லெஸ்பியன் பெண்ணியவாதிகள் கையில் எடுத்த சின்னம். கறுப்பு முக்கோணத்திடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. நாஜி முகாம்களில் அது ‘சமூகத்துக்கு ஒவ்வாதவர்கள்’ என்று தள்ளப்பட்டவர்களின் குறி. ஜெர்மன் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆண்களை மட்டுமே தண்டித்தது. லெஸ்பியனுக்கென்று முகாமில் தனிக்குறி இல்லை. சில லெஸ்பியன் பெண்கள் இந்தக் கறுப்புக் குறியின்கீழ் அடைக்கப்பட்டார்கள், உண்மை. அவர்களோடு கூட யார் இருந்தது? வீடில்லாதவர்கள், பிச்சை எடுத்தவர்கள், பாலியல் தொழில் செய்த பெண்கள், ரோமா மக்கள். கொடியில் முக்கோணம் வந்தது. கூட இருந்த அந்தச் சனங்கள் வரவில்லை. முகாமில் செத்த லெஸ்பியன்களுக்கும் நினைவுச்சின்னம் லேசில் கிடைத்துவிடவில்லை. ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் 2015இல் பெண்கள் கொண்டுபோய் வைத்த களிமண் உருண்டைக்கு முறைப்படி இடம் கிடைக்க 2022 ஆனது. அந்த வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே குறியைச் சுமந்தவர்களில் ஒரு சாராரை மட்டும் கொடியில் ஏற்றலாமா என்பதுதான் கேள்வி.

2010இல் வந்த லிப்ஸ்டிக் லெஸ்பியன் கொடி பெரும்பாலும் இளஞ்சிவப்பும் சிவப்பும், மூலையில் ஒரு முத்தத் தடம். அதில் புட்சுக்கு இடமே இல்லை. அடி வாங்கியவளை விட்டுவிட்டு, பார்த்தால் தெரியாதவளைக் கொடியாக்கியது அது. அந்தக் குறையை 2018இல் எமிலி க்வென் வரைந்த கொடி ஓரளவு தீர்த்தது. ஏழு கோட்டில் முதல் ஆரஞ்சுக் கோடு, ஆண்-பெண் இலக்கணத்துக்கு அடங்காததற்கு. அடுத்தவை சுதந்திரம், சமூகம், பெண்மையோடு அவரவர்க்குரிய உறவு, அமைதி, காதலும் காமமும், பெண்தன்மை. நல்ல கொடி, பரவலாக ஏற்கப்பட்ட கொடி. ஆனாலும் பட்டியலை வாசியுங்கள். உழைப்பு இல்லை, தோல் இல்லை, வாசலில் நின்றவள் இல்லை.

கோல்ட் ஸ்டார் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. ஆண் தொடாதவள் என்பதற்கு நட்சத்திரம் கொடுத்தால், மற்றவள் யார்? பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், பலாத்காரம் செய்யப்பட்டவள், பிள்ளை பெற்ற பிறகு தன்னைத் தெரிந்துகொண்டவள், வயிற்றுக்காக உடம்பை விற்றவள், இவர்களெல்லாம் ஒரு படி கீழா? ஆட்ரி லார்டே ஆணைக் கட்டி இரண்டு பிள்ளை பெற்றவர். விளையாட்டுக்குச் சொல்வதுதான் என்பார்கள். தீட்டு என்கிற சரக்கு எந்த நாட்டில், எந்தப் பொட்டலத்தில் வந்தாலும் நமக்கு வாசனை தெரியும். இது தன்னைச் சொல்லும் பேர் இல்லை, அடுத்தவளைத் தாழ்த்தும் பேர்.

இதற்கு நேர் எதிராக ஒரு கொடியைச் சொல்லவேண்டும். பிலடெல்பியாவில் ஓரினக் காதலர்கள் கூடும் மதுக்கடைகளில் கறுப்பர்களுக்கு அவமானம் நடக்கிறது என்று வெகுநாள் புகார். இன்னின்ன பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்றெல்லாம் உடை விதி. யாரை மனதில் வைத்துப் போட்ட விதி என்று எல்லாருக்கும் தெரியும். 2017 தொடக்கத்தில் நகரத்தின் மனித உறவுகள் ஆணையம் கடைக்காரர்களைப் பாகுபாடு பற்றிய பயிற்சிக்குப் போகச் சொன்னது. அந்த ஜூனில், நகர அலுவலகப் பொறுப்பில் இருந்த ஆம்பர் ஹைக்ஸ் முன்னின்று, வானவில்லுக்கு மேலே கறுப்புக் கோடும் பழுப்புக் கோடும் சேர்த்த கொடி ஏறியது. உடனே கூச்சல். “வானவில்லில் தோல் நிறம் ஏது, அது எல்லாருக்கும் பொதுவானதுதானே, ஏன் பிரிக்கிறீர்கள்?” என்று கேட்டவர்கள் பலர் வெள்ளை ஆண்கள். பொது என்று சொல்லிக்கொண்டு வாசலில் ஆள் நிறுத்தியவர்கள் பிரிக்கவில்லையாம், இரண்டு கோடு போட்டவர்கள் பிரித்துவிட்டார்களாம்! லார்டை வாசலில் நிறுத்தி அறுபது வருசம் கழிந்தும் வாசல் அங்கேயே இருக்கிறது என்று அந்த இரண்டு கோடும் சொல்லின. குற்றச்சாட்டாக ஏறிய கொடி அது. கோபம் வராமல் இருக்குமா?

சின்ன ஊரில் தனியாகக் கிடக்கும் பெண் ஒருத்தி, தன்னைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள் என்று ஒரு சொல்லால் தெரிந்துகொண்டால், அந்தச் சொல்லுக்காக நான் சண்டை போடுவேன். எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், எத்தனை கொடி வேண்டுமானாலும் ஏறட்டும். ஆனால் ஸ்டட் கொடி என்று ஒன்றைக் காட்டும்போது பஃபலோவின் வீட்டுக் கூடங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். புட்ச் கொடியைக் காட்டும்போது சனிக்கிழமை ராத்திரியையும் லாக்கப்பையும் சொல்லுங்கள். கறுப்பு முக்கோணத்தைக் காட்டும்போது பக்கத்தில் நின்ற பிச்சைக்காரியையும் ரோமாப் பெண்ணையும் சொல்லுங்கள். கோட்டுக்கு அர்த்தம் எழுதுகிற இடத்தில் இதையும் எழுத இடம் உண்டு.