கோணல் எழுத்தில் பிரான்டே சகோதரிகள்

சகோதரிகள் மூவர் நின்று, போகிற வருகிற ஆண்களை வேடிக்கை பார்க்கிறார்கள். முரட்டுப் பார்வையும் இறுகிய முகமுமாய் ஒருவன் போனால் சார்லட்டும் எமிலியும் சொக்கிப்போகிறார்கள். ஆன் மட்டும் அவனைக் குடிகாரன், அயோக்கியன் என்கிறாள். உடனே அக்காமார் இருவரும் அவள்மேல் பாய்கிறார்கள். உன் புத்தகத்தை ஒருவரும் வாங்காதது இதனால்தான் என்று குத்திக்காட்டுகிறார்கள்.

கனடாவின் கேட் பீட்டன் வரைந்த இந்தச் சித்திரக்கதை ஒரே பக்கம்தான். சார்லட்டின் 'ஜேன் ஐர்', எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல்களின் நாயகர்களை நாம் ஏன் காதலர்களாக நினைவில் வைத்திருக்கிறோம், அதே குணங்களைக் கொண்ட கணவனோடு வாழ்வது எத்தகைய நரகம் என்று 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில் எழுதிக்காட்டிய ஆன் ஏன் பின்னுக்குப் போனார் என்கிற கேள்வியை அந்தப் பக்கம் எழுப்பிவிடுகிறது. இலக்கிய விமர்சனம் என்றே இதை மதிக்கிறேன். இதில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பீட்டன் நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானிடவியலும் படித்தவர். மாணவர் பத்திரிகையில் வரைந்து பழகிய கை, 2007 முதல் 'ஹார்க்! எ வேக்ரன்ட்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வரையத் தொடங்கியது. நெப்போலியன், டெஸ்லா, கனடாவின் பழைய பிரதமர்கள் என்று ஆள் மாறி ஆள் வந்தார்கள். 2018 வரை தொடர்ந்த இந்தப் படைப்புகளிலிருந்து 2011இலும் 2015இலும் இரண்டு தொகுப்புகள் வெளியாயின.

இந்தக் கதைகளில் எழுத்தும் கையால் எழுதியதே. மூக்கை வரைந்த பேனாதான் வசனத்தையும் எழுதுகிறது. பல இடங்களில் பேச்சுக்குமிழிகூடக் கிடையாது. வார்த்தைகள் வெற்றிடத்தில் நிற்கின்றன, பேசுகிறவரிடம் ஒரு சிறு கோடு இறங்குகிறது. கோபம் வந்தால் எழுத்து பருக்கிறது, தயக்கம் வந்தால் சுருங்குகிறது, வரி மேலும் கீழும் சாய்கிறது. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வரலாற்றைக் கதையாக்குகிறவருக்கு இதில் ஒரு நேர்மை கிடைக்கிறது. பாடநூலின் அச்செழுத்தில் பேசுகிறவர் யார் என்று தெரியாது. நடந்ததே நேராக நம்மிடம் வந்து பேசுவதுபோல ஒரு தோரணை அதற்கு உண்டு. கோணல் எழுத்தில் அந்தத் தோரணை எடுபடாது. யார்க்‌ஷயரின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் இன்றைய கல்லூரி விடுதி மொழியில் பேசும்போது, இது அவர்கள் பேச்சல்ல, பீட்டன் அவர்களுக்குக் கொடுத்த பேச்சு என்பது ஒவ்வொரு எழுத்திலும் தெரிகிறது. அதே வசனத்தைக் கணினி எழுத்துருவில் அடுக்கியிருந்தால் காலப்பிழையாக உறுத்தியிருக்கும், அல்லது ஆதாரம் உள்ள கூற்றுபோலத் தோன்றியிருக்கும்.

இனி அந்தப் பிழை. ஆனின் நாவல் 1848 ஜூனில் வெளிவந்தது. நன்றாகவே விற்றது. சில வாரங்களிலேயே இரண்டாம் பதிப்பு தேவைப்பட்டது. கொச்சையான எழுத்து என்று திட்டிய விமர்சகர்களுக்கு அந்தப் பதிப்பின் முன்னுரையில் ஆன் நேராகவே பதில் சொன்னார். ஆக, யாரும் வாங்கவில்லை என்பது உண்மையல்ல. நடந்தது அதைவிடக் கசப்பானது. 1849 மே மாதம் ஆன் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மறுபதிப்புப் பேச்சு வந்தபோது, இந்த நாவலைப் பாதுகாக்கத் தேவையில்லை என்ற நிலையைச் சார்லட்டே எடுத்தார். வீட்டுக்குள்ளேயே குடியில் அழிந்து 1848 செப்டம்பரில் இறந்த தம்பி பிரான்வெல்லின் நிழல் அந்த நாவலில் விழுந்திருப்பதைச் சார்லட் அறியாதவரல்ல. வாசகர்கள் புறக்கணித்ததால் மங்கிய புத்தகமல்ல அது. கூடப்பிறந்தவளின் கை அதை ஒதுக்கிவைத்தது. பீட்டனின் நகைச்சுவை சரியான திசையைத்தான் காட்டுகிறது: அக்காமார் தங்கையின் வாயை அடைக்கிறார்கள். ஆனால் விற்பனையைக் காரணமாக்கும் ஒற்றை வசனம் வாசகரை வேறு தடத்தில் இறக்கிவிடுகிறது. பின்னணி தெரிந்தவர் சிரிப்போடு வலியையும் உணர்வார். தெரியாதவரோ, புத்தகம் விற்காத ஆன் என்ற பொய்யான ஆளை மனத்தில் ஏற்றிக்கொள்வார்.

ஒரு பக்கத்துக்குள் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பது நியாயம். பீட்டனும் இதை உணர்ந்தவர். படங்களுக்குக் கீழே அந்த மனிதர்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுவது அவர் வழக்கமாக இருந்தது. என் குறை அந்த வரிகள் இருந்த இடத்தைப் பற்றியது. அவை கட்டத்துக்கு வெளியே, தட்டச்செழுத்தில் இருந்தன. வாசகர் நண்பருக்கு அனுப்பும்போது படம் மட்டுமே போகிறது. சிலர் ஓவியரின் பெயரையும் நறுக்கிவிட்டுப் பகிர்கிறார்கள். அப்படிப் பெயர் இழந்த படத்தையும் இரண்டு கதை படித்தவர் பீட்டனுடையது என்று சொல்லிவிடுவார். அந்த எழுத்தே சாட்சி. படைத்தவரின் உரிமையை ஓரளவு காத்த அதே கை, படைப்புக்குள் இருந்த மனிதர்களின் உண்மையைக் காக்கும் வரிகளை மட்டும் கழன்றுபோகும் இடத்தில் விட்டுவிட்டது.

கையெழுத்துக்கு வேறு விலைகளும் உண்டு. பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். யாராவது உரையைத் தனியே தட்டச்சு செய்து இணைத்தால்தான் கதை அவருக்கு முழுமையாகப் போய்ச் சேரும். வசனத்தைத் தேடினால் எளிதில் கிடைக்காது. வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர் எழுத்தையெல்லாம் அழித்து இன்னொரு கையால் எழுதவேண்டும். அந்தக் கையின் குணமும் கதைக்குள் வந்துவிடும். தன் எழுத்தையே எழுத்துருவாக்கிக்கொள்ளும் ஓவியர்கள் இருக்கிறார்கள். திருத்த எளிது என்பதால் வரலாறு எழுதுகிறவருக்கு அது உதவியான வழிதான். ஆனால் கோபத்திலும் குழைவிலும் ஒரே அச்சில் வார்த்த எழுத்து வந்து நிற்கும்போது, நான் மேலே புகழ்ந்த உயிர் போய்விடுகிறது. பிழை என்று வாசகர் எழுதினால் அந்தக் கட்டத்தை எடுத்துத் திரும்ப எழுதும் பொறுமை ஓவியருக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பீட்டன் இணையத்தில் வரைந்துகொண்டிருந்த இதே காலத்தில் ஓவியர் சிட்னி படுவா வேறு வழி கண்டார். 2009இல் கணிதவியலாளர் ஏடா லவ்லேஸைப் பற்றி ஒரு சிறு சித்திரக்கதையாகத் தொடங்கியது அவருடைய வேலை. ஏடா 36 வயதில் இறந்தார், அவருடைய நண்பர் பேபேஜ் வடிவமைத்த கணிப்பொறியான பகுப்பாய்வு எந்திரம் கட்டப்படவே இல்லை என்ற உண்மைகளைச் சொல்லிவிட்டு, அது கட்டப்பட்ட ஒரு கற்பனை உலகில் இருவரையும் உலவவிட்டார். 2015இல் நூலாக வந்தபோது படத்தோடு அடிக்குறிப்புகளும் அதே பக்கத்தில் ஏறின. சில பக்கங்களில் குறிப்புகள் படங்களோடு இடத்துக்குப் போட்டி போடுகின்றன. எது நடந்தது, எது கட்டுக்கதை என்பதில் வாசகருக்குக் குழப்பமே வராது. ஆனால் பீட்டனின் ஒரு பக்கம் தரும் அந்த மின்னல்வெட்டுச் சிரிப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஓட்டம் நின்று நின்றுதான் போகிறது. இரண்டில் எதை விரும்புவேன் என்றால் பீட்டனை. எதை நம்புவேன் என்றால் படுவாவை.

எல்லாருக்கும் தெரிந்த முகம் இருந்தால்தான் சிரிப்பு உடனே வரும் என்பது இந்த வடிவத்தின் இன்னொரு நெருக்கடி. அதனால் ஆங்கிலப் பாடநூல்களின் பிரபலங்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ராபர்ட் பியரியுடன் 1909 வடதுருவப் பயணத்தில் சென்ற கறுப்பினத்தவர் மேத்யூ ஹென்சன், கறுப்பினத்தவர்மீதான கும்பல் படுகொலைகளை அம்பலப்படுத்திய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் போன்றவர்களைப் பீட்டன் வரைந்தது அந்த வேலிக்கு வெளியே காலெடுத்து வைத்ததுதான். அங்கே சிரிப்பின் குறி அவர்கள்மேல் விழாமல், அவர்களை மறந்த உலகத்தின்மேல் விழவேண்டும். இத்தகைய கதைகளுக்குக் குறிப்பு இன்னும் அவசியம்.

2014இல் பீட்டன் 'டக்ஸ்' என்ற கதையின் சிறு வடிவத்தை இணையத்தில் பகிர்ந்தார். கல்விக் கடனை அடைக்க ஆல்பர்ட்டாவின் எண்ணெய்மணல் சுரங்க முகாம்களில் வேலை செய்த தன் காலம் அதன் பொருள். 2008இல் அங்கே ஒரு கழிவுநீர்த் தேக்கத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்த சம்பவத்திலிருந்து தலைப்பு வந்தது. 2022இல் 400 பக்கத்துக்கு மேற்பட்ட நூலாக அது விரிந்தபோது, தனியே கழன்று போகக்கூடிய ஒற்றைப் பக்கம் என்பதே இல்லாமல்போனது. கடன், ஊரை விட்டுப் போகவேண்டிய நிலை, முகாமில் பெண்கள் பட்ட துன்பம் எல்லாம் கட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன. பிரான்டே பக்கத்துக்கு அத்தனை இடம் வேண்டியதில்லை. கடைசிக் கட்டத்தின் ஓரத்தில், அதே கோணல் எழுத்தில், 1848இன் இரண்டாம் பதிப்பையும் 1850இல் சார்லட் எடுத்த முடிவையும் ஒரு வரியில் எழுதியிருந்தால் போதும். படம் போகுமிடமெல்லாம் அந்த வரியும் போயிருக்கும்.