ஆம்னி ஃபேனும் ‘டைரக்ட்’ வைத்தியமும்

பழைய ஆம்னி வேனில் சூட்டு முள் ஏறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று பட்டறைக்குப் போனால் பல இடங்களில் கிடைப்பது ஒரே மருந்து: “டைரக்ட் பண்ணிடலாம் சார்.” தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்ச்சை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டதுமே ஃபேன் ஓடும்படி ஒயர் இழுத்துவிடுவார்கள். இதை எடுத்த எடுப்பில் பழிக்க எனக்கு மனமில்லை. 1984இல் வந்து 2019இல் தயாரிப்பு நின்ற வண்டி இது. இன்றும் பலருக்கு அதுதான் பிழைப்பு. ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு.

டைரக்ட்டுக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதமும் பாதிதான் சரி. ஃபேன் ஓயாமல் ஓடினால் இன்ஜின் சூடே பிடிக்காது, பெட்ரோல் குடிக்கும் என்பார்கள். தெர்மோஸ்டாட் வால்வ் ஒழுங்காக இருந்தால் அப்படி நடக்காது. ஏறக்குறைய 82 டிகிரி வரும்வரை அது தண்ணீரை ரேடியேட்டர் பக்கமே விடாது; ஃபேன் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஃபேனை டைரக்ட் செய்யும் அதே கை, “நம்ம வெயிலுக்கு எதுக்கு இது” என்று வால்வையும் கழற்றி எறிந்துவிடுகிறது. இரண்டும் சேரும்போதுதான் அந்தப் பழி உண்மையாகிறது.

எனக்கு உறுத்துவது, டைரக்ட் செய்தபின் நோய் எது என்று யாரும் தேடுவதில்லை என்பது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் எதிர்காற்றே போதும்; ஃபேனுக்கு வேலை சிக்னலிலும் நெரிசலிலும்தான். நெரிசலில் மட்டும் முள் ஏறினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். பைபாஸிலும் ஏறினால் அடைத்த ரேடியேட்டர், குறைந்த தண்ணீர், திறக்காத வால்வ், தளர்ந்த மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. தண்ணீர் அடிக்கடி குறைந்து ரேடியேட்டரில் குமிழியும் வந்தால், ஹெட் கேஸ்கெட் வரை சந்தேகம் போக வேண்டும். அதற்குப் பதில் ஃபேனை ஓடவிட்டால், முள் ஏறுவது சில நாள் தள்ளிப்போகும். அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம்.

ஃபேன் மேலேயே சந்தேகம் என்றாலும் சோதனை பெரிய வேலை இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா? தெர்மோ சுவிட்ச் ஒயர் இரண்டையும் சேர்த்தால் (ஒற்றை ஒயர் என்றால் பாடியில் தொட்டால்) ஃபேன் ஓடுகிறதா? ஓடினால் மோட்டாரும் ரிலேயும் தப்பித்தன. சுவிட்ச்சோ, அதன் முனையைத் தண்ணீர் தொடவிடாத காற்றடைப்போ மிச்சம். பலர் கோட்டை விடுவது இந்தக் காற்றடைப்பில்தான்: புது சுவிட்ச் மாட்டியும் ஓடவில்லை என்று நல்ல சுவிட்ச்சைக் குப்பையில் போடுவார்கள். ஒயரைச் சேர்த்தும் ஓடாமல், குச்சியால் இறக்கையைத் தள்ளினால் மட்டும் கிளம்பினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். அந்த மோட்டாரை டைரக்ட் செய்தும் பயனில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நடுவழியில் வீடு வந்துசேர டைரக்ட் சரி. நிரந்தர ஏற்பாடாகத் தேறாது. தெர்மோ சுவிட்ச்சை நம்பப் பயமாக இருந்தால், அதை வேலையில் விட்டுவிட்டு, அதற்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு கை சுவிட்ச் வைக்கலாம். கரன்ட் ரிலே வழியாகவும் தனி ஃபியூஸ் வழியாகவும் போகட்டும், மலிவு சுவிட்ச் நேராகத் தாங்காது. ஈசியூ (இன்ஜின் கணினி) ஃபேனை ஆளும் வண்டியில் இதையும் செய்யக் கூடாது. அங்கே சென்சாரையும் ரிலேயையும் சோதித்து, கெட்டதை மாற்றுவதே வழி. வேலை முடிந்ததும் ரேடியேட்டர் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள்: உள்ளே இழுத்தால் சரி, வெளியே தள்ளினால் மோட்டார் ஒயர் மாறிப்போய் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.