ஆங்கிலத்தில் ஓருருச் சொற்கள்

ஆங்கிலம் பயிலும் மாணாக்கர்க்கு இடர் விளைப்பனவற்றுள், எழுத்தால் ஒன்றாய் ஒலியால் வேறாய் நிற்குஞ் சொற்கள் தலையாயவை. பயிற்சி நூல்கள் பல இவற்றைப் பட்டியலிட்டு, மனனஞ் செய்யுமாறு பணித்து அமைகின்றன. காரணங் கூறாத அப்பட்டியல்கள் தம்முள் வேறுபட்ட இருவகைச் சொற்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே ஈண்டு யாம் எடுத்துக்காட்டக் கருதுங் குறை.

எல், ஈ, ஏ, டி என்னும் நான்கெழுத்தை நோக்குக. 'லெட்' என ஒலிக்குங்கால் அஃது ஈயம். 'லீட்' என ஒலிக்குங்கால் வழிநடத்துதல். பழைய ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு உயிரொலி கொண்ட இரு சொற்கள். பிற்காலத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டைப் பெற்றன. ஈயத்தைக் குறித்த சொல்லின் உயிர் குறுகிற்று. மற்றையதன் உயிர் நெடிலாகவே நின்று ஈகாரமாயிற்று. காற்றைக் குறிக்கும் 'விண்ட்', சுற்றுதலைக் குறிக்கும் 'வைண்ட்' என்பனவும் எழுத்தால் ஒன்றே. பின்னதன் இகரம் நீண்டு, பின் ஐகாரமாய்த் திரிந்தது. 1476ஆம் ஆண்டிற் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின்னர் எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஒலியோ தொடர்ந்து மாறிற்று.

இனி, நிமிடத்தைக் குறிக்கும் 'மினிற்', நுண்ணியது எனப் பொருள்படும் 'மைனியூற்' என்பவற்றை நோக்குவாம். எழுத்து ஒன்று, ஒலியும் பொருளும் வேறு. ஆயினும் பிறப்பு ஒன்றே. இரண்டும் சிறுமை குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. மணியின் சிறு கூறே நிமிடம். இவற்றை ஈயத்தோடு ஒரு நிரலில் வைத்தல், உடன்பிறந்தாரையும் ஒரே பெயர் தாங்கிய அயலாரையும் ஒருங்கெண்ணுதல் போலும். உறவறிந்த மாணாக்கன் ஒரு பொருளிலிருந்து மற்றதனை உய்த்துணர்வான். உறவில்லாவிடத்து அதனைத் தேடுவோன் இடறுவான்.

தமிழர்க்கு இது புதிதன்று. 'பாவம்' என்பது தீவினையையும் குறிக்கும். நாட்டியத்தில் மெய்ப்பாட்டையும் குறிக்கும். 'தானம்' கொடையுமாம், இடமுமாம். இவை வடமொழியில் வெவ்வேறு சொற்கள். முதலெழுத்தின் ஒலியும் வேறு. எனினும் நாம் மயங்குவதில்லை. சொற்றொடரே பொருளையும் ஒலியையுங் காட்டிவிடுகின்றது.

எழுத்தைத் திருத்தின் இடர் தீரும் என்பாரும் உளர். 1950இல் மறைந்த பேர்ணாட் ஷா, புதிய ஆங்கில நெடுங்கணக்கு ஒன்றனை ஆக்குதற்குத் தம் இறுதியாவணத்திற் பொருள் ஒதுக்கினார். அவர்தம் நாடகமொன்று 1962இல் அவ்வெழுத்தில் வெளிவந்தும் உலகம் அதனை ஏற்றிலது. ஏற்றிருப்பின், ஈயத்தின் மயக்கம் நீங்கியிருக்கும். நிமிடத்திற்கும் நுண்மைக்கும் உள்ள உறவோ கண்ணுக்கு மறைந்திருக்கும்.

ஆதலின் வேண்டுவது புதிய எழுத்தன்று, நீண்ட பட்டியலுமன்று. ஓருருச் சொல்லொன்று எதிர்ப்படுங்கால் அதன் ஒலி யாது, பொருள் யாது, பிறப்பு யாது என வினவும் பழக்கமே வேண்டுவது. நல்ல அகராதிகள் பிறப்பு வேறாயவற்றைத் தனித்தனித் தலைப்பில் தருகின்றன. வாக்கியத்தையும் அகராதியையும் மாணாக்கர் கையிற் கொடுக்கும் ஆசிரியர், மனனச் சுமையைக் குறைப்பதோடு சொல்லாராய்ச்சியின் சுவையையும் ஊட்டியவராவர்.